உருகினால் திரும்ப உறைய வைக்கக் கூடாது

1

பல்லேகலவில் பழம் உறைய வைக்கும் ஃபெக்டரியில் நான் சேர்ந்த முதல் நாளே, மனேஜர் சிவநாதன் சேர் எங்களைக் கோல்ட் ரூம் வாசலில் நிறுத்தி வகுப்பு எடுத்தார்.

"பறிச்ச கையோட வெட்டி ஃப்ரீஸ் செய்தால் விற்றமின் பெரும்பாலும் அப்பிடியே நிக்கும். கடையில நாள்க்கணக்காக் கிடக்கிற பழம் பேருக்குத்தான் ஃப்ரெஷ். ஆனா ஒண்டு, உருகினதைத் திரும்ப ஃப்ரீஸ் செய்தீங்களெண்டால் வேலையால நிப்பாட்டுவன்."

தெல்தோட்டைக் குளிர் மலையிலிருந்து போன எனக்கே அந்தக் குளிரில் பல் கிட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

2

நான் குவாலிட்டி சுப்பர்வைசர் ஆன பிறகு, ஒரு மழைக்காலத்தில் சேருக்கு டெங்கு. கண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் விட்டும் சாப்பாடு இறங்கவில்லை, எழும்ப முடியாமல் கிடக்கிறார் என்று அவர் மனைவி போனில் அழுதார். எனக்குப் பயமாகிவிட்டது. கோபக்காரர்தான், ஆனால் என்னைக் கைதூக்கிவிட்டவர்.

நோயாளியைப் பார்க்க ஆப்பிளும் தோடம்பழமும் கொண்டுபோவதுதான் வழக்கம். நான் எங்கள் ஃபெக்டரி மாம்பழப் பெக்கட் ஒன்றை குளிர் போகாத ரெஜிஃபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். கட்டிலருகே ஆப்பிள் குவிந்து கிடந்தது. ஒன்றிலும் பல் படவில்லை.

மனைவி பெட்டியைத் திறந்தார். "வருத்தக்காரரைப் பாக்க ஐஸ்பெட்டிச் சாமானோ கொண்டு வாறது? ஒரு நல்ல பழம் கிடைக்கேல்லையோ?"

"இதுவும் நல்ல பழந்தாங்கம்மா. சேருகிட்டயே கேளுங்க."

சேர் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு அத்தனை வகுப்பு எடுத்தவர் வீட்டில் ஒரு தடவையும் எடுக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"வாயெல்லாம் புண் பிள்ளை. பிறகு பாப்பம்."

"பிறகுன்னா எப்படி சேர்? உருக ஆரம்பிச்சிருச்சி. திரும்ப ஃப்ரீஸ் பண்ணினா வேலையால நிப்பாட்டுவேன்னு நீங்கதானே சொன்னீங்க."

முறைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

உருகின மாம்பழம் கொழகொழவென்றாகிவிடும். கஸ்டமர்கள் எங்களிடம் ஓயாமல் சொல்லும் குறை அது. அன்று அவர் மெல்ல வேண்டியிருக்கவில்லை. பெக்கட் முடிந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகள் எந்தப் பழத்தில் விற்றமின் கூட என்று கேட்பார்கள். வயிற்றுக்குள் போகிற பழத்தில் என்பேன்.

3

நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு முழங்கால் ஆபரேஷன். சேர் பார்க்க வந்தார். கையில் பெரிய பை, மேலே பளபளவென்று ஆப்பிள்.

"நீங்களுமா சேர்?"

சேர் குரலைத் தாழ்த்தினார். "அது பாக்கிற சனத்துக்கு. அடியில இருக்கிறதுதான் உங்களுக்கு. கெதியாச் சாப்பிடுங்கோ பிள்ளை, உருகுது."