ஆளும் பேரும்

தேவாலா பஸ் ஸ்டாப்பில் இருக்கும் மலையாளி கருணாகரன் டீக்கடையில் ஒரு கதை ஓடுகிறது. தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சுமலதா, ஆட்களைக் குறைக்கச் சொன்ன மேனேஜரை எதிர்த்து நின்றாளாம். ஒரு நாள் முழுக்கப் பெண்களின் வேலையைக் காப்பாற்றினாளாம். கருணாகரன் டீ ஆற்றும் உயரத்துக்குக் கதையும் நீளும். நடந்தது வேறு. சொல்கிறேன், டீ கசந்தால் என்னைத் திட்டக்கூடாது.

சுமலதாவின் அம்மா காத்தாயி, இலங்கைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். அதே ஃபேக்டரியில் தற்காலிகக் கூலியாகத் தூள் சலித்தாள். அந்த வீட்டில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. முழுநாள் உழைத்தால் முழுப் பேர், மழை பாதியில் விரட்டினால் அரைப் பேர்.

கம்ப்யூட்டர் படித்தும் மகளுக்கு அந்தப் பேச்சு போகவில்லை. கேட் மெஷினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கீ, அதாவது இரண்டு பதிவு, வைத்தாள். 'ஆள்' என்று தொடங்கும் கீ இருந்தால் கேட் திறக்கும். 'பேர்' என்று தொடங்கும் கீயில் அன்றைய கூலி ஏறும். எல்லாம் மெஷினின் மெமரியில்தான், நகல் கிடையாது. அழிக்கச் சொன்னால் 'நிச்சயமா?' என்று அது கேட்காது. அழித்துவிட்டு, எத்தனை அழிந்தது என்பதற்கு 'ஒன்று' என்று காட்டும், அவ்வளவே.

தேயிலை விலை சரிந்து, விற்காத மூட்டைகள் கூரையை முட்டிய சமயம். கோயம்புத்தூர்க்கார மேனேஜர் ரமேஷ்குமார் வந்தார்.

"ஏம்மா, டெம்பரவரி பொம்பளைக பேரையெல்லாம் அழிச்சு உட்ரு."

"பூராவுமா சார்? மழையிலயும் வந்து வேல பாத்தாங்களே."

"பாத்தா? வெல கெடக்கற கெடப்பு உனக்குத் தனியாச் சொல்லோணுமாக்கும்?"

அன்றைய கூலியை வெட்டச் சொல்கிறார் என்று நினைத்தாள் சுமலதா. எதிர்த்துப் பேசினால் அவள் வேலையும் போகும். 'பேர்' கீகளை அழித்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று என்றது திரை.

மறுநாள் கேட் எல்லாப் பெண்களையும் உள்ளே விட்டது. மேனேஜர் குதித்தார்.

"நேத்தே அழிக்கச் சொன்னனல்லோ?"

"அழிச்சுட்டேன் சார். நேத்துக் கூலி ஒருத்தருக்கும் இல்ல."

கோயம்புத்தூரில் பேர் என்றால் வெறும் பேர்தானே. அவருக்குப் புரிய கொஞ்ச நேரமானது. பிறகு சிரித்தார்.

"அட, ஆளைத் தூக்கச் சொன்னா கூலியத் தூக்கிருக்கே!"

"மறுபடி ஏத்திர்றேன் சார்."

"எதுக்கு? போனது போவட்டும். இப்ப ஆளைத் தூக்கு."

தூக்கினாள். காத்தாயி முறை வந்தபோது விரல் நின்றது. மேனேஜர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். அழுத்தினாள். ஒன்று.

அடுத்த நாள் கேட்டுக்கு வெளியே நின்று காத்தாயி கத்தினாள். "ஏன்டி சுமா, இந்த மெஷினுக்கு என்னயத் தெரியலயாமே?" உள்ளே நின்ற மகள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கூலியும் வேலையும் சேர்ந்து போன பெண்களில் ஒருத்தி, "நம்மள ஒரு நா கூடுதலா உள்ள விட்டது அந்தப் புள்ளதான்" என்றாள். அந்தப் பேச்சு டீக்கடைக்கு வருவதற்குள் மீசை முளைத்துவிட்டது.

போன வாரம் சுமலதா பஸ்ஸுக்கு நின்றாள். கருணாகரன் தானே வந்து டீயை நீட்டினான்.

"நீ சிங்கமாணு மோளே! மேனேஜரையே எதிர்த்து நின்னியல்லோ!"

அவள் கிளாஸைத் தொடவில்லை.

"நான் நிக்கல சேட்டா. அவரு சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்சப்புறம் எங்கம்மாவையும் சேத்துத்தான் அழிச்சேன்."