ஆடாமல் உட்கார்ந்த எட்டுப் பேர்

மலைமேல் ஒண்டிக்கடைக் கடைத்தெருவில் என் பேக்கரிக்கு அடுத்த கடை சுபைதாக்காவுடையது. ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைப்பது அவர் தொழில். கணவர் முகமது இஸ்மாயில் ஆரம்பித்த கடை அது. அவர் இறந்தபோது, இந்தப் பொம்பளை எங்கே தாக்குப்பிடிக்கப் போகிறது என்று கடைத்தெருவே உச்சுக்கொட்டியது. நானும் கூடச் சேர்ந்து கொட்டினேன். சுபைதாக்கா யாரையும் சட்டை செய்யவில்லை. மறுவாரமே கடையைத் திறந்து மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பகலிலும் பல்பு போட வேண்டிய கடை. பின்சுவரில் ஐந்து சீட் அச்சுகள் தொங்கும். வெளியூர்க்காரர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் ஒரு கணம் திகைத்துப் போவார்கள். ஐந்து பிள்ளைகள் சுவரில் முதுகைப் பதித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். தோள், முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஆள் மட்டும் இருக்காது.

அவை ஜெப்சனுடைய கார்களுக்காகச் செய்தவை. கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஜெப்சன், இளசுகளைப் பந்தய ஓட்டுநர்களாக ஆக்குகிறேன் என்று 'ஷெவராய் ஜூனியர் ஃபார்முலா' என ஒரு பந்தயத் தொடர் நடத்தினார். ஒரே ஆள் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரும் கார்; நான்கு சக்கரமும் மூடியில்லாமல் வெளியே நிற்கும். பந்தயம் நடப்பது கீழே சமவெளியில். கார்கள் தூங்குவது இங்கே எஸ்டேட் குடோனில்.

ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அவர் உடம்புக்கென்றே சீட் வேண்டும். ஒரு பையில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, அதன்மேல் ஆளை உட்கார வைப்பார் சுபைதாக்கா. அது சூடாகப் பொங்கி, உடம்பைக் கவ்வி இறுகும். கொஞ்சம் அசைந்தாலும் அச்சு கெட்டுவிடும். "ஆடாம உக்காரு கண்ணு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்பார். எந்தப் பிள்ளையும் அதை மீறியதில்லை.

ஆனால் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொடரை விட்டுப் போனார்கள். ஒருவன் இன்ஜினியரிங் சேர்ந்தான், ஒருவன் கனடா போனான், சிலர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். ஒருவர் அச்சு இன்னொருவருக்குப் பொருந்தாது. தூக்கிப் போடவும் ஜெப்சன் விடவில்லை. "வருவாங்கக்கா, மறுபடி வருவாங்க" என்பார். ஒருமுறை பழைய பையன் ஒருவன் மீசையும் தொப்பையுமாக வந்து, தன் அச்சில் உட்கார்ந்து பார்த்தான். பொருந்தவில்லை. சிரித்துவிட்டு என்னிடம் பப்ஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போனான். அவன் போனபிறகு சுவரைப் பார்த்தேன். அசல் பையன் அங்கேயே இருக்கிறான், வந்துபோனவன்தான் வேறு யாரோ என்று தோன்றியது. பயந்துபோய்ப் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு கார்களுக்குக் கடைசியில் மிஞ்சியது மூன்று ஓட்டுநர்கள். அதில் ஒருத்தி சுபைதாக்காவின் மகள் ருக்சானா. அம்மாவுக்கு உதவியாக அச்சுக்கு உட்காரப் போனவள், ஜெப்சன் காரைக் கொடுத்துப் பார்த்ததும் அதில் பறக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வருடம் ஓடினால் மேலே உள்ள பெரிய பந்தயத்துக்குத் தகுதி கிடைக்கும். தொடர் நின்றுபோனால் அவளுக்கு அந்தக் கதவு சாத்தியதுதான். அவளை வேறு யார் காரில் ஏற்றப் போகிறார்கள்?

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பேட்டரி கம்பெனி தொடரை எடுத்து நடத்த முன்வந்தது. எட்டு காருக்கும் எட்டு ஓட்டுநர்கள் இருந்தால் சரி, நேரில் பார்க்க ஹரிஹரன் என்ற அதிகாரி வருவார் என்றார்கள். ஜெப்சன் சுபைதாக்காவிடம் ஓடி வந்தார்.

"அக்கா, அந்த அஞ்சு அச்சையும் கார்ல வெச்சு, அதுமேல டிரெஸ்ஸுக்குள்ள காப்பி உமிய அடைச்சு உக்கார வெச்சிரலாம். பங்களா வராண்டாவுல இருந்துதான் பாக்கப் போறாரு. ஹெல்மெட் போட்டா யாரு எவருன்னு தெரியவா போகுது?"

சுபைதாக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஏனுங்க சார், உருவம் செய்யறது எங்களுக்கு ஆகாதுங்க. நாளைக்கிச் செத்து மேல போனா, 'உருவம் செஞ்சியல்ல, இப்ப இதுக்கு உசுரு குடு'ன்னு கேப்பாங்க. நான் எங்கீங்க போவேன்?"

"மூஞ்சி இல்லாம செய்ம்மா" என்றாள் ருக்சானா. "ஹெல்மெட்டுக்குள்ள வெறும் துணி. எனக்கோசரம்மா."

அந்த ஒரு சொல்லுக்கு எந்தத் தாய்தான் இளகமாட்டாள்? முகமில்லாமல் ஐந்து பேரைத் தைத்துக் கொடுத்தார்.

ஹரிஹரன் வருகிற அன்று மத்தியானம் டீயும் பப்ஸும் கொண்டுபோகும் வேலை என்னுடையது. உமி ஆட்களைக் காரில் உட்கார வைக்கச் சுபைதாக்காவும் வந்திருந்தார். காப்பி காயவைக்கும் சிமெண்ட் களத்தில் எட்டு கார்களும் வரிசையாக நின்றன. ருக்சானாவை மூன்றாவது காரில் உட்கார வைத்ததை நானே பார்த்தேன். "அஞ்சு பேரு ஆடாம, மூணு பேரு மட்டும் ஆடுனா தெரிஞ்சுபோயிரும். நீங்களும் ஆடக் கூடாது" என்று ஜெப்சன் மூவருக்கும் உத்தரவு போட்டார். எட்டு ஹெல்மெட்டுகளும் நேராக முன்னால் பார்த்தன.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது ஹரிஹரன் வந்தார். வராண்டாவில் நின்றால் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே களத்துக்கு இறங்கிவிட்டார். ஜெப்சனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. பனிக்குள் அவர் ஒவ்வொரு காராக நின்று வணக்கம் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல பசங்க, ஜெப்சன். வாயே திறக்கல, ஆனா எட்டுப் பேரும் தலையைத் திருப்பி என்னையே பாத்தாங்க. அடுத்த வருஷம் நாங்க எடுத்துப் பண்றோம்" என்றார்.

ஜெப்சன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் ஊற்றிக்கொண்டிருந்த டீ கிளாசை மீறித் தட்டில் வழிந்தது.

சுபைதாக்கா அதற்குள் களத்தில் இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். எட்டு ஹெல்மெட்டுகளின் கண்ணாடியிலும் ஆவி படிந்திருந்தது. அவர் முந்தானையால் ஒன்றைத் துடைத்தார். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது. அடுத்ததிலும் உள்பக்கம்தான்.

"ருக்சானா... கண்ணு" என்று மெதுவாகக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. மூன்றாவது காருக்குப் போய்த் தோளைப் பிடித்தார். உமி நெரிபடும் சத்தம் எனக்கே கேட்டது. சடாரென்று கையை எடுத்துக்கொண்டார். நான்காவதைத் தொட்டார், ஐந்தாவதைத் தொட்டார். எல்லாம் உமி.

"அக்கா, அந்தாளு கிளம்பட்டும். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்" என்றேன். வராண்டாவிலிருந்து ஜெப்சனும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சுபைதாக்காவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் மகளின் ஒரு வருடம் போச்சு, எல்லாமே போச்சு. கார்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"போதும் கண்ணு. எந்திரி."

எட்டு கார்களிலும் உமி சரசரத்தது. மூன்று பேர் எழுந்தார்கள். ருக்சானா எழுந்தது மூன்றாவது காரிலிருந்து. அவள் அம்மா தொட்டபோது உமி நெரிந்ததே, அதே கார்.

மற்ற ஐந்து பேரும் எழவில்லை. ஹரிஹரன் டீ கிளாசோடு இறங்கி வந்து, ஒரு ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே துணி. கிளாசை அந்தக் காரின் மூக்கிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தொடர் அத்தோடு நின்றது. கார்கள் குடோனில் தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. கேட்டால் "பாக்கலாம்" என்கிறார் ஜெப்சன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடியும்வரை ருக்சானா அம்மாவோடு பேசவே இல்லை. எனக்கும் சுபைதாக்கா மேல் கோபம்தான். ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

ஒருநாள் கடையில் அவர் அந்த ஐந்து அச்சுகளையும் இறக்கி, கத்தியால் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். ருக்சானா வாசலில் நின்றிருந்தாள். மனதில் இருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "நொம்ப நாளா நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அங்க உக்காந்திருந்தப்ப எனக்குக் குளிரலைங்க. மூச்சு விடறதே மறந்துபோச்சு. அந்தாளு வந்தப்ப பக்கத்துக் காருக்காரங்க திரும்புனாங்க, நானும் கூடவே திரும்புனேன். அம்மா தோளத் தொட்டதும் தெரிஞ்சுது. எந்திரிக்கணும்னுதான் தோணல. அம்மா போதும்னு சொல்லலைன்னா இன்னும் அங்கயேதான் உக்காந்திருப்பேன்."

சுபைதாக்காவின் கத்தி நின்றது. ருக்சானா கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய், கட்டிலடியில் வைத்திருந்த தன் அச்சைத் தூக்கி வந்து அம்மா முன்னால் வைத்தாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

"இதையும் அறுத்துரும்மா."

சுபைதாக்கா அச்சைத் திருப்பிப் போட்டு, நடுமுதுகில் கத்தியை வைத்து அழுத்தினார். ருக்சானா சட்டென்று தன் முதுகைத் தடவிக்கொண்டாள்.