கடைசி வரிசையின் சுருதி

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பிறந்தநாள். அடையாறில் இரண்டாம் மாடி, பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் ஒரு சாக்லேட் கேக். எல்லோரும் கைதட்டிப் பாடினோம். எதிரே ஸ்டெல்லாக்கா நின்றிருந்தார். உதடுகள் ஒரு எழுத்துப் பிசகாமல் அசைந்தன, தலைகூடத் தாளத்துக்கு ஆடியது. குரல் மட்டும் இல்லை. வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தப்பாது, ஏனென்றால் அந்த வித்தையை ஒரு காலத்தில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

“நீங்க பாடலையே அக்கா?”

“அய்யோ, கண்டுபுடிச்சிட்டியா!” என்று வாயைப் பொத்திச் சிரித்தார். “நாலாம் கிளாஸ்ல டீச்சர் சொன்னாங்கம்மா, நீ வாய மட்டும் அசை, அது போதும்னு. அப்டியே பழகிடுச்சு.”

“சர்ச்லயுமா?”

“சர்ச்லயும்தான். சாந்தோம்லயே பொறந்து வளந்தவ. எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஒண்ணையும் சத்தமா பாடினதில்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில்தான் யோசனை வந்தது: இப்படிப்பட்டவர்களையெல்லாம் ஓர் அறையில் கூட்டினால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அடுத்த நிமிடமே உள்ளே ஒரு குத்து. கிரீம் வாசனைக்குள் எங்கிருந்தோ பாச்சை உருண்டை வாசனை கலந்து வந்தது.

பாச்சை உருண்டை ஏன் என்று கேட்பீர்கள். ஆறு வருடம் முன்பு மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன். பெண்கள் பள்ளி. பாட்டு அறை என்று தனியாக ஒன்று கொடுத்திருந்தார்கள், ஆனால் ஆண்டு விழா உடைகள் போட்டு வைத்த இரும்புப் பெட்டிகளும் அங்கேதான். மயில் தோகை, பாரதமாதா கிரீடம், ஏழெட்டு மீசை, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாச்சை உருண்டை. முதல் சுரம் பாட வாயைத் திறந்தாலே அந்த வாசனைதான் உள்ளே போகும். இன்றும் எனக்கு ஸ்வராவளிக்கு ஒரு வாசனை உண்டென்றால் அது அதுதான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, கையில் புது எம்.ஏ. இசைக் கல்வியின் தத்துவம் என்று ஒரு தாளே எழுதித் தேறியிருந்தேன். இசை எதற்குக் கற்பிக்கப்படுகிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாற்பது நிமிடம் பேசுவேன். கேட்கத்தான் யாருமில்லை. ஒருநாள் எங்கள் ஹெச்.எம். கேட்டார்.

“பாட்டு எதுக்கு மிஸ்? ஒரே வரில சொல்லுங்க. கரஸ்பாண்டன்ட் கேக்கறார். வாரத்துல ரெண்டு பீரியட் போவுது, அத மேத்ஸுக்குக் குடுத்தா என்னன்றார்.”

ஒரே வரியா? நான் பதினெட்டு ஸ்லைடு தயாரித்தேன். பாட்டுக் கற்றால் ஞாபகசக்தி கூடும், கவனம் கூடும், கணக்கே நன்றாக வரும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினேன். கரஸ்பாண்டன்ட் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில், “கணக்கு நல்லா வரணும்னா கணக்கே சொல்லிக் குடுத்துடலாமே?” என்றார். பதினெட்டு ஸ்லைடும் அந்த ஒரு கேள்வியில் சுருண்டது. என் எம்.ஏ.வில் இதற்குப் பதில் இல்லை. இருந்திருக்கலாம், அந்த வகுப்புக்கு நான் மட்டம் போட்டிருப்பேன்.

வெளியே வந்ததும் ஹெச்.எம். தணிந்த குரலில், “தி.நகர்ல இன்டர்ஸ்கூல் காம்படிஷன் வருதில்ல? ஒரு ஷீல்டு கொண்டாங்க. பீரியட நான் பாத்துக்கறேன்” என்றார்.

அன்றிலிருந்து மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழாம் வகுப்பில் முப்பது பேரை எடுத்தேன். முப்பது பேர் நின்றால்தான் மேடை நிறையும், ஆனால் முப்பது பேரும் பாடினால் பரிசு வராது. அதற்கு எங்கள் தொழிலில் காலங்காலமாக ஒரு வழி உண்டு. சுருதி சேராதவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்வது. யாரும் இதை எழுதி வைத்ததில்லை, எல்லா டீச்சருக்கும் தெரியும். பிள்ளைகள் அதற்கு ‘மியூட் வரிசை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டுப் பேர். அதில் நஸ்ரீனும் ஒருத்தி.

நஸ்ரீன் திருவல்லிக்கேணிக்காரி. அவள் அப்பாவுக்குப் புத்தக பைண்டிங் வேலை. அதனால் வகுப்பிலேயே அழகாக அட்டை போட்ட நோட்டு அவளுடையதுதான். பாட்டு என்றால் அவளுக்கு உயிர். நான் சுருதி போட்டவுடன் அந்த ஆழத்துக்கு அவள் குரல் இறங்காது. நடுவில் எங்கேயோ தொங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் தொங்கினாலும் சத்தமாகத் தொங்குவாள்!

“ஏய், நீ மியூட்டு. ஞாபகம் வச்சுக்கோ” என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி சீண்டுவாள்.

“நீ மொதல்ல மூக்கால பாட்றத நிறுத்து. அப்பால நா மியூட் ஆவறேன்” என்பாள் இவள்.

என்னிடம் மட்டும் அடங்கி நிற்பாள். “மிஸ், ஒரே ஒரு லைன் பாடிக்கவா?” என்று தினம் கேட்பாள். “காம்படிஷன் முடியட்டும்” என்பேன்.

இங்கே என் சுருதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம். நான் பாட்டுக் கற்ற வீட்டு மாமிக்கு ஐந்தரைக் கட்டை. “பொண்களுக்கு அஞ்சரைதான். எங்காத்துல எல்லாரும் அஞ்சரைலதான் பாடிண்டு இருக்கோம்” என்பார். நானும் ஐந்தரை. என் மின்சாரத் தம்புராவின் திருகில் ஐந்தரைக்கு நேரே வெள்ளை மையில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். முப்பது பிள்ளைகளுக்கும் அந்தப் புள்ளிதான். வேறொரு கட்டையில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தத்துவம் படித்தவளுக்கு!

போட்டி நாள். தி.நகரில் ஒரு சபா ஹால், இருபது பள்ளிகள். டீச்சர்கள் மேடை ஏறக்கூடாது; தம்புராவும் போட்டி நடத்துபவர்களுடையதுதான். பொத்தானை அமுக்க ஒரு தொண்டர். மேடைக்குக் கீழே, நடுவர்களுக்குப் பக்கவாட்டில் நான். எங்களுக்கு முன்னால் பாடியது ஓர் ஆண்கள் பள்ளி, அவர்கள் போனதும் எங்கள் பிள்ளைகள் வந்து நின்றார்கள். தொண்டர் கட்டையை மாற்றாமல் பொத்தானை அமுக்கிவிட்டார்.

ஒன்றரைக் கட்டை.

எண் சிறியதுதான்; ஆனால் ஆண்கள் கீழே பாடும் அந்தச் சுருதியைப் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேதான் பிடிக்க முடியும், அது ஐந்தரையைவிட வெகு உயரம். நான் கையை ஆட்டினேன், தொண்டர் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பாவம், கேட்ட சுருதியிலேயே ஆரம்பித்தார்கள். பல்லவி எப்படியோ ஓடியது. அனுபல்லவியில் மேல் ஸட்ஜம் என்ற உச்சி சுரத்துக்குப் போக வேண்டும். முன்வரிசையில் முதலில் ஒரு குரல் கீச்சிட்டது, அடுத்தது நின்றது, மூக்கால் பாடும் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு உடைந்து விழப்போகிறது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் மேலே போயிற்று. இழுத்துப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. மாடிப்படி ஏறுகிற மாதிரி போய் மேல் ஸட்ஜத்தில் நின்றது. தம்புராவும் அந்தக் குரலும் ஒன்றாகிவிட்டன. நஸ்ரீன்! நடுவர் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலை உதட்டில் வைத்தேன்.

யோசித்துச் செய்ததல்ல. மூன்று வாரமாகக் கடைசி வரிசையில் சத்தம் வந்தால் என் விரல் தானாக எழும், அன்றும் எழுந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குரல் நின்றது. உதடுகள் மட்டும் அசைந்தன. பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் பாட்டு அங்கேயே சரிந்தது.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். நந்தனம் சிக்னலில் நஸ்ரீன் என் இருக்கைக்கு வந்தாள்.

“மிஸ், என்னாலதான் போச்சா?”

இல்லை என்ற ஒரு சொல் போதும். எனக்கு அப்போது ஷீல்டும் பீரியடும் கரஸ்பாண்டன்ட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். “பாடக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல? போய் உக்காரு” என்றேன்.

போய் உட்கார்ந்தாள்.

அடுத்த கால அட்டவணையில் பாட்டு இல்லை. பாட்டோடு என் வேலையும் முடிய ஒரு வாரம் இருந்தது; அந்த வாரத்தில்தான் என் மண்டைக்கு உறைத்தது: அவளுக்குச் சுருதி இல்லாமல் இல்லை, என் புள்ளியில் அவளுக்கு இடமில்லை. கடைசி நாள் மத்தியானம் அவளைப் பாட்டு அறைக்குக் கூப்பிட்டேன். தம்புராவை ஒன்றரைக்குத் திருப்பி, “அன்னிக்குப் பாடினியே, அத இப்ப பாடு” என்றேன். தலையாட்டினாள். சுருதி ஓடியது. அவள் நேராக நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, முழுப் பாட்டையும் உதட்டால் பாடினாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. சத்தம் வரவில்லை.

“சத்தமா பாடு நஸ்ரீன்.”

“இப்டியே பழகிடிச்சி மிஸ்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த அறை இப்போது ரோபோடிக்ஸ் லேபாம். பெட்டிகளைக் காலி செய்துவிட்டார்கள், கிரீடமும் மீசையும் எங்கே போயினவோ. மாமியும் பெண்ணோடு வெளியூர் போய்விட்டார். பாட்டு பீரியட் திரும்பவில்லை. இதெல்லாம் போனால் போகட்டும். ஒரு மத்தியானம் தி.நகர் ஹாலில் மேல் ஸட்ஜம்வரை ஏறிப் பாதியில் நின்ற குரல் ஒன்று இருக்கிறதே, அது போனதுதான் கணக்கில் சேர மாட்டேன் என்கிறது. கரஸ்பாண்டன்ட்டுக்கு இன்றைக்கு என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியும்: அந்தக் குரலைப் போன்றவை நிற்காமலிருக்க. அவர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சாந்தோமில் ஸ்டெல்லாக்கா கேட்டு வாங்கித் தந்த ஒரு சிறிய ஹாலில் கூடுகிறோம். பாடாதே என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், “ஹால் கதவ சாத்திடுவீங்கல்ல?” என்று இரண்டு முறை போன் செய்து கேட்டார். நஸ்ரீனின் எண்ணைத் தேடிப் பிடித்து நடந்ததையெல்லாம் எழுதி, தப்பு என்னுடையது என்று அனுப்பினேன். ஒரு பகல் முழுக்கப் பதில் இல்லை. பிறகு வந்தது: “வந்து சும்மா உக்காந்துக்கலாமா மிஸ்?”

உட்காரலாம். எத்தனை வாரம் வேண்டுமானாலும்.

நேற்றுத் தம்புராவை எடுத்துத் துடைத்து அந்த வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை. சனிக்கிழமை தம்புராவை முதலில் போடப்போவதில்லை. அவர்கள் வாயைத் திறக்கட்டும், எந்த உயரத்தில் வருகிறதோ வரட்டும். அதைக் கேட்ட பிறகு அந்தக் கட்டைக்குத் திருப்பிக்கொள்வேன். அதுவரை என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.