மாமியாரின் ஜப்பான் சைக்கிள்

விரல் நகத்தால் இரும்புக் குழாயைச் சுண்டும் ஓசைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்த சைக்கிளை டிரைவரும் என் மாமியாரும் சேர்ந்து இறக்கினார்கள். பாண்டிச்சேரி ஞாயிறு சந்தைக்கு நைட்டி வாங்கப் போனவர் அவர். நைட்டி வாங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், கர்ப்பிணியின் வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, குழாயை ஓரத்தில் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் சுண்டினார். ஓரத்தில் மந்தமாகவும் நடுவில் மணிபோலவும் கேட்டது.

"கேட்டியா? நடுவுல மெல்லிசா இருக்குது, ஒட்டு போட்ட எடத்துல தடிமனா இருக்குது. எங்க பலம் வேணுமோ அங்க மட்டும் வச்சிருக்கான்" என்றார் என்னிடம். திருமணமாகி அந்த வீட்டுக்கு வந்த நான்கு ஆண்டுகளில் அவர் என்னிடம் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பேச்சும் இல்லை. நான் செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவர் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு முந்தைய ஆண்டு மாமனார் இறந்துபோனார். வேலையும் போன பிறகு டிவிக்கு எதிரே ஒரு நாற்காலி, சர்க்கரை மாத்திரை, ஜன்னல் என்று அவர் நாள் சுருங்கிவிட்டது. காலையில் "சாப்டியா?", மாலையில் "வந்துட்டியா?". இரண்டுக்கும் என் பதில் "ம்". அவ்வளவுதான் எங்கள் உறவு.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன்கொத்தியின் முதுகு நிறம். ரோட்டில் வேகமாக ஓட்டுவதற்கென்று ஜப்பானில் செய்த பழைய வண்டி. ஆனால் ஆண்கள் வண்டிபோலக் குறுக்குத் தண்டு கிடையாது. அந்த இடத்தில் இரண்டு மெல்லிய குழாய்கள் கைப்பிடிக்குக் கீழிருந்து பின்சக்கரம் வரை சாய்ந்து இறங்கின. ஆட்டுக்கிடா கொம்புபோல வளைந்த கைப்பிடி. குழாய்கள் கூடும் இடங்களில் இலை வடிவத்தில் செதுக்கிய பூண்கள், அவற்றின் விளிம்பில் நூலிழைபோல ஒரு பொன்வண்ணக் கோடு. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதாம். என் வயதைவிட அதற்கு வயது அதிகம். ஒரு கையால் தூக்கினேன், எழுந்து வந்துவிட்டது.

சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, ஒரு பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவிப் புது பேரிங் குண்டுகளும் கிரீஸும் வைத்து மாட்டினார். நம் ஊர் சைக்கிளுக்குப் போடும் அதே குண்டுகள்தான். சக்கரத்தை ஒருமுறை சுழற்றிவிட்டு டீ குடித்தார். டீ தீர்ந்த பிறகும் சக்கரம் நிற்கவில்லை. "இதுக்கு டயரு செஞ்சியில கெடைக்காதும்மா. ஆனா டயரத் தவிர இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். டயரை நான் போனில் தேடி பெங்களூரிலிருந்து வரவழைத்தேன்.

ஏன் இந்த ஆசை என்று மாமியாரிடம் கேட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் மண்டகப்பட்டுப் பக்கம்தான் அவருக்குப் பணியாம். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்லைப்போலக் கனத்த ஒரு சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்து மிதித்துத் தொடை வீங்கிப்போகுமாம். "அந்த ரோட்ட நான் ஒரு நாளு கூட சந்தோசமா ஓட்னதே இல்ல. ஒரு தடவ சும்மா போய்ட்டு வரணும். வேல இல்லாம, பொட்டி இல்லாம" என்றார்.

வளைந்த கைப்பிடி அவருக்குப் பழகவில்லை. குனிந்தால் வண்டி கோணிக்கொண்டு போனது. அதனால் தினமும் விடிந்ததும், சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன், கோட்டைக்குப் போகும் சாலையில் அவர் மிதிக்க, நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அதற்காகத் தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சுடிதார் போட்டார், என்னுடையதுதான். "வுட்டுடாத, வுட்டுடாத" என்று வழியெல்லாம் கத்துவார். ஐந்தாம் நாள் நான் விட்டுவிட்டேன். அவர் தூரத்தில் திரும்பி, கோட்டை மலை பின்னால் நிற்க, என்னை நோக்கி வந்தார்.

"எப்ப வுட்ட?"

"பெரிய புளியமரத்துகிட்டயே வுட்டுட்டேன், அத்த."

"அடிப்பாவி!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பத்து நாள் கழித்து ஒரு நாய் குறுக்கே வந்ததில் கீழே விழுந்தார். முழங்கை சிராய்த்தது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நாளைக்கு லாரி அடிச்சா இன்னாம்மா பண்றது?" என்று கத்தினார். கோபமில்லை, பயம். அப்பாவைப் பறிகொடுத்த வீடு அது. யாரிடமும் கேட்காமல் சைக்கிளைப் படம் பிடித்து விற்பனைக்கென்று நெட்டில் போட்டிருக்கிறார். மறுநாளே சென்னையிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டுவிட்டார். இப்படிப்பட்ட பழைய ஜப்பான் சைக்கிள்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவராம். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு முடிந்தது.

மாமியார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஞாயிறு காலை என்னிடம் வந்து, "டயருக்குக் காத்து அடிச்சிக் குடு. ரெண்டு பாட்டில்ல தண்ணி ரொப்பு" என்றார்.

"இன்னைக்கு எதுக்கு அத்த ரெண்டு பாட்டில்?"

"தாகம் எடுக்கும் இல்ல?"

இரண்டு பாட்டிலையும் நிரப்பினேன். காற்றை நன்றாகவே அடித்தேன்.

சென்னைக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சைக்கிளைக் கண்டதும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அருகில் போனார். பூண்களைத் தடவினார். "சார், கையால பத்த வச்ச ஜாயின்ட். ஒரு எடத்துல பிசிறு இருக்கான்னு பாருங்க. கோணினாலும் நிமித்திடலாம். இன்னும் நாப்பது வருஷம் ஓடும். அதுவும் இந்த மாடல், லேடீஸுக்குன்னே செஞ்சது, நான் படத்துலதான் பார்த்திருக்கேன்" என்றார். மாமியார் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு, "கடைசியா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் தம்பி" என்று ஏறிப் போனார்.

டீ கொடுத்தேன். டிபன் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. மாமியாரின் போன் தலையணைமேல் கிடந்தது. என் கணவர் தெருமுனைவரை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "மண்டகப்பட்டுக்குப் போயிருப்பாங்க."

மூவரும் சென்னைக்காரரின் காரிலேயே கிளம்பினோம். விழுப்புரம் சாலையில் வெகுதூரம் போனதும், முன்னால் மீன்கொத்தி நிறம் தெரிந்தது. முதுகு குனிந்து, முழங்கைகள் உள்ளே அடங்கி, துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டு, அவர் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி கடந்துபோனது. வண்டி இம்மியும் அசையவில்லை. என் கணவர் கண்ணாடியை இறக்கிக் கூப்பிடப் போனார். சென்னைக்காரர் வேகத்தைக் குறைத்து, "வேணாம் சார். கூப்பிடாதீங்க. எப்படி ஓட்டறாங்க பாருங்க" என்றார். என் கணவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை நாங்கள் பின்னாலேயே ஊர்ந்து போனோம்.

பாறையைக் குடைந்த கோயிலுக்கு எதிரே, வேப்பமர நிழலில் அவர் இறங்கி உட்கார்ந்தார். எங்களைப் பார்த்து வியந்ததாகத் தெரியவில்லை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பல்லவ மன்னன் எடுத்த கோயில் என்று பலகையில் எழுதியிருந்ததைச் சென்னைக்காரர் படித்துவிட்டு, வாசலில் சாய்ந்திருந்த உலோகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இத நான் வாங்க மாட்டேன்" என்றார்.

"பாவம், அவ்ளோ தூரத்துலருந்து வந்துகிற. நீ ஓட்டிக்கினு வா. நான் கார்ல வரேன்" என்றார் மாமியார்.

சென்னைக்காரர் குழந்தைபோலத் தாவி ஏறினார். என் கணவர் காரை ஓட்ட, மாமியார் முன்சீட்டில் ஏசியை முகத்துக்கு நேரே திருப்பிவைத்துக்கொண்டார். பாதி வழியில் என் கணவர் காரை ஓரம் கட்டினார். "நானும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கறேன்" என்றார் யாரையும் பார்க்காமல். சென்னைக்காரர் மனமே இல்லாமல் இறங்கினார். அதன்பிறகு செஞ்சி வரும்வரை என் கணவர் வண்டியை யாருக்கும் தரவில்லை. வீட்டு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்மா, இத விக்க வேணாம்" என்றார்.

"யாரு வித்தது?" என்று கேட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார்.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சென்னைக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு ஜோடி டயரோடு வருகிறார். இன்று காலையும் மாமியார் செஞ்சிக்கு அருகே இருக்கும் அனந்தபுரம் வரை போய்விட்டு வந்து, வாசலில் வண்டியைப் பிடித்தபடியே என்னிடம் பேச ஆரம்பித்தார். எந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறது, எந்த வளைவில் புதிதாகப் பள்ளம் விழுந்திருக்கிறது, வழியில் தான் நிறுத்தி நலம் கேட்ட கர்ப்பிணிப் பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம். நான் சமையலறையிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தோசை கருகியது. இரண்டாவதும் கருகியது. மூன்றாவதை ஊற்றாமல் அடுப்பை அணைத்துவிட்டு, வாசல்படியில் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க அத்த, அப்புறம்?"