ரப்பர் பெயிண்டுக்குள் குடியிருந்த மழை

சாம்பாரில் விழுந்த சொட்டு

அலமேலு அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஓர் அண்டா சாம்பாரைத் தோட்டத்துப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். முருங்கைக்காய் மிதக்கும், ஆவி அடங்காத சாம்பார். மழைத்தூறலில் அந்த ஆவி தரையோடு தவழ்ந்து வாழைகளுக்குள் போனது. அவர் முகத்தில் கோபம் இல்லை. தூக்கத்தில் நடப்பவரைப்போல அண்டாவைச் சாய்த்துக்கொண்டே இருந்தார்.

“நீங்கதான் ஒழுகல் பாக்க வந்தவங்களா? உள்ள வாங்கம்மா. இன்னிக்கு ரசம்தான்” என்றார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கும் அன்னதானக் கூடம் அது. அலமேலு அக்கா அங்கே சமையலைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய தம்பி தண்டபாணிதான் நிர்வாகம். விவசாயக் குடும்பம். சொந்த நிலத்தில் விளைவதும் ஊரார் தருவதுமாகப் பல வருடங்களாக நடக்கிறது.

நான் திருவண்ணாமலையில் ஒரு சின்ன வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். டிப்ளமா சிவில் படித்தவள். லாட்ஜ் மொட்டைமாடி, பாத்ரூம் தளம், தண்ணீர்த் தொட்டி, இவைதான் எங்கள் பிழைப்பு. செங்கல் புகைபோக்கிக்கு அதுவரை போனதே இல்லை. முதலாளி போனில் சொன்னது இவ்வளவுதான்:

“சிம்னி ஒழுகுதாம் கவிதா. ஏற்கெனவே ரப்பர் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அதும்மேல ரெண்டு கோட்டு அடிச்சா முடிஞ்சிது. தீபத்துக்கு முன்னாடி குடுத்துடணும். சாரத்துக்கு ஆள் அனுப்பிட்டேன்.”

சமையலறைக்குள் போனதும் நிமிர்ந்து பார்த்தேன். பழைய விறகடுப்புக்கு மேலே கூடாரம்போல விரிந்து, மேலே போகப்போகக் குறுகும் புகைபோக்கி. அடியில் இப்போது கேஸ் அடுப்புகள். மேலேயிருந்து கரித்தண்ணீர் ஒரு சொட்டு இறங்கியது. விழுவதற்குமுன் கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு அடுப்பு மேடையில் கறுப்பாய்ச் சிதறியது.

“விறகு எரிச்ச காலத்துலயும் ஒழுகுச்சா அக்கா?”

“ஒரு நாளும் இல்லம்மா. கேஸ் வந்ததுக்கப்புறம்தான்.”

“இன்னும் கொஞ்ச நாள்ல கேஸ் கம்பெனி மேல கேஸ் போடச் சொல்லுவாங்க எங்க அக்கா” என்றபடி தண்டபாணி உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, காதில் போன், கையில் சாவிக்கொத்து.

அக்கா சொன்னதில்தான் விஷயம் இருந்தது. மேலே இருந்த தகரத் தொப்பி எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. தினமும் நெருப்பு எரிந்தவரை உள்ளே இறங்கிய மழை அந்தச் சூட்டிலேயே காய்ந்து போய்க்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்த பிறகு காயவைக்க யாருமில்லை. புகைபோக்கி சும்மா நின்று மழையைக் குடித்துக்கொண்டிருந்தது.

கொப்புளம்

சவுக்குச் சாரம் கட்டியாகிவிட்டது. நானும் எங்கள் கொத்தனார் ஏழுமலையும் ஏறினோம்.

கீழேயிருந்து பார்த்தால் அந்தப் புகைபோக்கி அழகாகத்தான் இருந்தது. போன வருடம் யாரோ ஒரு பெயிண்டர் செங்கல் நிறத்தில் தடிமனாக ரப்பர் பெயிண்ட் அடித்திருந்தார். பக்கத்தில் போனால் அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள். ஒன்றைக் கட்டை விரலால் அழுத்தினேன். குழந்தையின் கன்னம்போல அமுங்கியது. ஸ்கூட்டி சாவியால் ஒரு குத்து குத்தினேன். தண்ணீர் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடியது. குளிர்ந்த தண்ணீர். எந்த மழையில் பெய்ததோ.

“உள்ள குடித்தனமே பண்ணுது மேடம்” என்றார் ஏழுமலை.

பெயிண்டர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. மழை வராமலிருக்கத்தான் அடித்திருக்கிறார். ஆனால் உச்சியில் இருந்த காபிங், அதாவது செங்கல் வரிசைகளின் தலைமேல் சுற்றிப் போட்டிருந்த கான்கிரீட் பட்டை, குறுக்கே வெடித்திருந்தது. வெடிப்பில் ஓர் அரசங்கன்று. தண்ணீர் அந்த வழியாகச் சுவருக்குள் இறங்கியது. வெளியே வர முடியாமல் பெயிண்ட் தடுத்தது. செங்கல்லுக்கு மூச்சுவிட இடமில்லை. பெயிண்டைக் கொஞ்சம் உரித்ததும் செங்கல்லின் முகமே அதோடு வந்தது. உள்ளே கலவை, ஊறிய ரொட்டிபோல விரலுக்கு உதிர்ந்தது.

உச்சிக்குப் போனபோது மேகம் இறங்கிவிட்டது. மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மை. கீழே பாதையில் நடப்பவர்கள் தெரியவில்லை. அவர்கள் காலடிச் சத்தமும் யாரோ முணுமுணுத்த சிவநாமமும் மட்டும் மேலே வந்தன. புகைபோக்கியின் வாய்க்குள் காற்று நுழைந்து, பெரிய சங்கை யாரோ மெதுவாக ஊதிப் பழகுவதுபோல ஒலித்தது. வேலைக்கு வந்தோம் என்பதே சிறிது நேரம் மறந்துபோனது. காபிங்மேல் கை வைத்துக்கொண்டு அந்த ஒலியைக் கேட்டபடி நின்றேன்.

கைக்கு அடியில் காபிங் அசைந்தது.

மிக லேசாக. பால் பல் ஆடுவதுபோல. நான் கையை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தேன். மேகம் கொஞ்சம் விலகியது. நேர் கீழே சாப்பாட்டுக் கொட்டகையின் ஷீட் கூரை. அதற்கடியில் அப்போதும் பந்தி நடந்துகொண்டிருந்தது. இலை போடும் சத்தம் கேட்டது.

பந்தி எங்கே

கீழே வந்ததும் முதலில் பந்தியில் இருந்தவர்களை எழுப்பி வெளியே உட்காரவைக்கச் சொன்னேன். பிறகு தண்டபாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. மேல் பகுதி பிடிப்பில்லாமல் இருக்கிறது. சரிசெய்து முடிக்கும்வரை கொட்டகையில் யாரும் உட்காரக் கூடாது, சமையலறையிலும் யாரும் நிற்கக் கூடாது.

“தீபத்தன்னிக்குமா?”

“தீபத்தன்னிக்கும்தான் சார்.”

“ஜனம் எவ்ளோ வரும்னு தெரியுமா உங்களுக்கு? வேணும்னா மேல இருக்கிறத இப்பவே எறக்கிடுங்க.”

அதையும் ஏழுமலையிடம் கேட்டிருந்தேன். முடியாது என்றிருந்தார். இப்போது தண்டபாணியிடமும் அதையே சொன்னார். “ஊறிக் கெடக்குது சார். இந்த ஈரத்துல ஒண்ண தட்டுனா எது எது கூட வரும்னு சொல்ல முடியாது. எங்க ஆளுங்களும் மேலதான நிக்கணும்? மழை விடட்டும், காயட்டும். அப்புறம் பூப்போல எறக்கித் தரேன்.”

“எங்க அப்பா காலத்துலேர்ந்து நிக்குது. இந்த ஒரு மாசம் நிக்காதா?” என்றார் தண்டபாணி.

நிற்கலாம். அதுதான் சங்கடம். விழும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. விழாது என்றும் சொல்ல முடியாது.

முதலாளிக்கு போன் செய்தேன். சத்தம் போட்டார். “சாரம் கட்டுன கூலி யாரு தருவா? வேலைய வேணாம்னு சொல்றதுக்கா உன்ன அனுப்பினேன்? அவங்க பெயிண்ட் கேக்கறாங்க, அடிச்சுக் குடுத்துட்டு வா. கொட்டகைல யார் உக்கார்றாங்கன்றது அவங்க பாடு.”

“நான் கைய வெச்சுப் பாத்துட்டேன் சார். ஆடுது. பெயிண்ட் அடிச்சா அது ஆடறது யாருக்கும் தெரியாமப் போயிடும்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

அலமேலு அக்கா அதுவரை ஒரு முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்: “அடுப்பையும் பந்தியையும் தென்னந்தோப்புக்கு மாத்திக்கலாம்டா தம்பி.”

“மழை வந்தா?”

“தார்ப்பாய் கட்டு. அதுக்கும் மேல வந்தா நனைஞ்சிக்கினு சாப்புடுவாங்க. தல மேல கல்லு வந்தா இன்னா பண்ணுவாங்க?”

தண்டபாணி வெளியே போனார். அன்று மாலையே கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. அவரே கட்டியதாக அக்கா சொன்னார். என்னிடம் அவர் பேசவில்லை.

அதன்பிறகு வந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. ஊரெல்லாம் பந்தல், வெளியூர் பஸ், ஒலிபெருக்கி. நான் வேறு சைட்டுகளில் இருந்தேன். ஆனால் மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளங்கையில் அந்த அசைவு வந்து போகும். ஒன்றுமே நடக்காமல் போனால், ஒரு நல்ல காரியத்தை ஈரத் தோப்புக்குத் துரத்தியவள் என்று பேர் வாங்குவேன். அப்படியே ஆகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

தீபத்தன்று

தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அடி அண்ணாமலைக்கு நடந்தே போனேன். யாரும் அழைக்கவில்லை. போனதும் அக்கா என் கையில் பொரியல் வாளியைக் கொடுத்தார். தோப்பில் தார்ப்பாய்களுக்கு அடியில் வரிசை வரிசையாக ஆட்கள். தரை சேறு. இலை ஓரங்களில் மழைத்துளி. யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. நடந்து களைத்தவர்கள் அரைத் தூக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்குமேல் மழை வலுத்தது. நான் ஒரு வரிசை முடித்து நிமிர்ந்தேன். தூரத்தில் புகைபோக்கியின் தலை மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அது ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல, அவ்வளவு நிதானமாக. அப்புறம் அந்த இடத்தில் வானம் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. கான்கிரீட்டும் செங்கல்லும் ஷீட்டைப் பிளந்துகொண்டு கொட்டகைக்குள் இறங்கின. உடைந்த கூரை வழியே கரித்தூள் ஒரு கறுத்த மேகமாக எழுந்து, மழையில் கரைந்து, அடங்கியது.

எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். ரச வாளியோடு நின்ற தண்டபாணியின் கரண்டியிலிருந்து ரசம் சேற்றில் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் எதையும் கவனிக்காதவராய், “இந்தாண்ட கொஞ்சம் ரசம்” என்றார். தண்டபாணி போய் ஊற்றினார்.

மாலையில் மழை விட்டது. மலையுச்சி மேகத்துக்குள் இருந்தது. கொப்பரையில் தீபம் ஏற்றியபோது முதலில் சுடர் தெரியவில்லை. மேகமே உள்ளிருந்து சிவந்தது. பாதையெங்கும் ‘அரோகரா’ சத்தம் எழுந்து சுற்றி வந்தது. தண்டபாணி என் பக்கத்தில் வந்து நின்று கைகூப்பினார். பிறகு, “நீங்க சாப்டீங்களா மேடம்?” என்று கேட்டார். அன்றிலிருந்து என்னிடம் பேசுகிறார்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். “யாருக்கும் ஒண்ணும் இல்லல்ல? சரி. தை மாசம் ஆரம்பிக்கலாம். இன்னா மெட்டீரியல் வேணும்னு அனுப்பு” என்றார்.

மூச்சுவிட்ட செங்கல்

தையில் வெயில் வந்தபிறகு வேலை தொடங்கினோம். முதலில் பெயிண்ட் முழுவதையும் உரித்தோம். ஏழுமலை தளர்ந்த வரிசைகளைச் சொன்னபடியே பூப்போல இறக்கினார். உதிர்ந்த இணைப்புகளைச் சுரண்டி, சிமெண்ட் வைக்காமல் சுண்ணாம்புக் கலவையால் இடுக்குகளை நிரப்பிப் பாயிண்டிங் செய்தோம். பழைய செங்கல் மென்மையானது. சிமெண்ட் அதைவிடக் கெட்டி. கெட்டியான இணைப்பு வழியாக ஈரம் போகாது. போக்கிடமில்லாத ஈரம் செங்கல்லைத்தான் உடைக்கும். புதிய காபிங்கைச் சுவரைவிட வெளியே நீட்டி, அதன் அடியில் சுற்றிலும் ஒரு காடி, அதாவது மெல்லிய பள்ளக்கோடு, இழுத்தோம். மேலே விழும் தண்ணீர் சுவரில் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். சமையலறையின் ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் அலுமினியத் தகடு வளைத்துச் செருகினோம். உச்சியில் நான்கு குட்டைத் தூண்கள், மேலே ஒரு கல் பலகை. மழை வராது, காற்று போகும்.

இடித்தே போட்டுவிடலாமே என்று தண்டபாணி கேட்கத்தான் செய்தார். “சோறு வடிக்கிற ஆவி எங்க போவும்? என் தலைமேலயா?” என்றார் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

“அப்ப விறகடுப்பே மறுபடி வெச்சிடலாமா அக்கா?” என்று நான் கேட்டேன்.

“ஐயோ, வேணாம்மா. கண்ணு எரியும். கேஸ்தான் எனக்குச் சொகம்.”

ஆனால் உள்ளே ஊறியிருந்த ஈரம் போக நெருப்பு வேண்டியிருந்தது. பெரிய தீ கூடாது, செங்கல் வெடித்துவிடும். காலையில் கொஞ்சம் சுள்ளி, கொஞ்சம் தேங்காய் மட்டை. அக்காவே மூட்டினார். நான் வெளியே வந்து நின்று பார்த்தேன்.

முதலில் உச்சியில் மெலிதான புகை. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்தே வெள்ளை ஆவி கிளம்பியது. ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக மூச்சுவிட்டது. இளவெயில் பட்டு அந்த ஆவி பொன்னாகி, புகைபோக்கி தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி மிதப்பதுபோல இருந்தது. கிரிவலம் போனவர்கள் சிலர் நின்றார்கள். ஓர் அம்மா செருப்பில்லாத கால்களைச் சேர்த்து வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

சமையலறை ஜன்னலில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். “கும்பிட்டுப் போவட்டும். நீ ஒண்ணும் சொல்லாத” என்றார்.

சில வாரங்கள் அப்படிக் காய்ந்தது. செங்கல்மேல் உப்பு வெள்ளையாய்ப் பூத்தது. தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் தட்டினோம். மறுபடி பூத்தது, மறுபடி தட்டினோம். ஒரு நாள் பூக்கவில்லை. “இப்ப மேல ஒரு கலர் அடிச்சிடலாமா?” என்று தண்டபாணி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் செங்கல் இன்றும் வெறும் மேனியோடுதான் நிற்கிறது.

அடுத்த ஐப்பசியில் முதல் கனமழை பிடித்த மதியம், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். புதுக் கூரை போட்ட கொட்டகையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. புகைபோக்கிக்கு நேர் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே இலை போடச் சொன்னேன். காபிங் ஓரத்திலிருந்து மழை ஒரே கோடாகச் சொட்டி ஷீட்டில் தாளம் போட்டது. அக்கா சாம்பார் ஊற்றினார்.

இப்போது சைட்டுக்கு வரும் இளம் சூப்பர்வைசர்கள் எந்த கெமிக்கல் நல்லது, எத்தனை கோட்டு அடிக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதோடு, ஈரத்தின்மேல் எதையும் பூசாதீர்கள், அது வெளியே வர வழி விடுங்கள் என்கிறேன். வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுப்பதற்குமுன், ஒரு மழைநாளில் அதன் அடியில் உட்கார்ந்து உங்களால் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்று தோன்றினால், முதலில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி வேறு இடத்தில் உட்காரவையுங்கள். கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.