பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலரை அண்ணனின் தேனீக்கள் ஒருமுறையாவது கொட்டியிருக்கும். அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

வல்லக்கோட்டையில் பிறந்த அண்ணன், அப்பா மறைந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வு அவர் வேலை. தேறியதற்கு ‘ஓகே’, தேறாததற்கு ‘என்ஜி’ என்று சீட்டு ஒட்டுவார். வீட்டில் சாம்பாருக்கும் அதே தீர்ப்புதான். அண்ணி பொறுத்துக்கொண்டார்.

மாடியில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தார். சுற்றியிருந்த வயலெல்லாம் தொழிற்சாலையாகிவிட்டதால், மழைக்காலத்தில் தேனீக்களுக்கு மகரந்தம் கிடைப்பதில்லை. மகரந்தம் இல்லையென்றால் முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு உணவில்லை. ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அந்தக் கூடு அழிந்துவிடக் கூடாதே என்பதுதான் அண்ணனுக்குக் கவலை. சோயா மாவைச் சர்க்கரைப் பாகில் பிசைந்து, அடையாகத் தட்டிப் பெட்டிக்குள் வைத்தார். தேனீக்கள் சீண்டவில்லை. பால் பவுடர் சேர்த்தார், ஈஸ்ட் சேர்த்தார். நோட்டில் ‘என்ஜி’, ‘என்ஜி’ என்றே பக்கம் நிறைந்தது.

ஒருநாள் காலில் வெளிர்மஞ்சள் உருண்டையோடு ஒரு தேனீ வந்து இறங்கியது. பூவே இல்லாத நாளில் இது எங்கிருந்து வந்தது? தேனீக்கள் பறந்த திசையிலேயே நடந்த அண்ணன், தெருமுனை மாவு மில்லில் போய் நின்றார்.

“இன்னா தம்பி, ஒன் வூட்டு ஈயா இதுங்க? காலைலேர்ந்து மாவுல பொரண்டுகினு கீதுங்க,” என்றார் மில்கார அக்கா.

“தொரத்தாதக்கா. இது இன்னா மாவுன்னு மட்டும் சொல்லு.”

கடலை மாவு. அன்றே அதில் அடை தட்டி வைத்தார். மறுநாள் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம்.

மூன்றாம் நாள் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். “துன்னுச்சா?”

“துன்னுச்சுண்ணா.”

“பெட்டியத் தொறந்து பாத்தியா?”

கொட்டுமே என்ற பயத்தில் நான் பெட்டிப் பக்கமே போகவில்லை. அவர் போர்வையைச் சரிசெய்தேன். அண்ணன் சிரித்தார். “பாக்காம ஓகே போடக் கூடாதும்மா.”

அன்று மாலை அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார். அந்தப் பொய்யை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு மருத்துவமனையில் உடனிருந்த அண்ணனின் நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த உறவுகளுக்கும், இன்றுவரை தேனீக்களை விரட்டாத மில்கார அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரியம் முடிந்த மறுநாள் பெட்டியைத் திறந்தேன். இரண்டு இடத்தில் கொட்டு வாங்கினேன். அடை வைத்த இடத்தில் துகள்தான் மிச்சம். அறைகளில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. நோட்டின் கடைசி வரியில் ‘ஓகே’ என்று எழுதினேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன், அண்ணா.