கோமதி டீச்சரும் கிரகணத்தில் ஒலித்த இரும்பும்

போன செவ்வாய்க்கிழமை வாசுதேவநல்லூரில் நான் இப்போது இருக்கும் வீட்டு வாசலில் வந்து நின்றார் கோமதி டீச்சரின் தம்பி. "அக்கா போயிட்டா, அண்ணாச்சி" என்றார். நான் சட்டையை மாட்டுவதற்குள் இன்னொன்றும் சொன்னார். "நம்ம பள்ளிக்கூடத் தாளாளர் விடியதுக்கு முன்னாலயே மாலையோட வந்து உக்காந்திருக்காரு." முதல் செய்திக்கு வந்த அழுகையை இரண்டாவது செய்தி நிறுத்திவிட்டது.

சங்கரன்கோவிலில் டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர்கள் இயற்பியல் ஆசிரியை. நான் ஓவிய ஆசிரியன். எழுபதுகளின் நடுவில் டீச்சர் வந்து சேர்ந்த புதிதில், நான் வரைந்த சூரியக் குடும்பச் சுவர்ப்படத்தைப் பார்த்துவிட்டு, "வானத்தப் படமாப் போட்டா போதுமா, அண்ணாச்சி? காதுல கேக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அவர்களுக்கு இரும்பு தூக்கிக் கொடுக்கும் ஆளாகவே ஆகிவிட்டேன்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி, கிரகங்களின் வரிசைப்படி வெட்டினார்கள். புதனுக்குக் குட்டைப் பட்டை, கணீரென்ற ஒலி. சனிக்கு நெடும் பட்டை, அடிவயிற்றில் இறங்கும் ஒலி. நடுவில் சூரியனாக ஒரு பெரிய தகரம். எல்லாம் பள்ளி மைதானத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்கின. அந்தச் சட்டத்தை வரைந்தவன் நான்.

ஆனால் யார் காதில் விழும்? விடிந்தால் அடைந்தால் எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம். "கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்று டீச்சர் தெருத்தெருவாகக் கெஞ்சினார்கள். "தறி நின்னா அடுப்பு நின்னுரும், டீச்சர்" என்று தறிக்காரர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் எண்பதாம் ஆண்டுச் சூரிய கிரகணம் வந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "அன்னைக்கு ஒரு தறி ஓடாதுல்லா! எல்லாரும் கதவ அடைச்சுக்கிட்டு உள்ள இருப்பாவ. இருக்கட்டும், அண்ணாச்சி. காத அடைக்க மாட்டாவல்லா?"

ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு சுத்தியல். அதைப் பிடித்திருப்பது வெயிலில் நீண்டு கிடக்கும் கம்பி. வெயில் குறைந்தால் கம்பி சுருங்கும், பிடி விடும், சுத்தியல் விழும். "இதுக்கு ராகுவும் வேண்டாம், கேதுவும் வேண்டாம்" என்றார்கள். இதையெல்லாம் மறுபடி தெருத்தெருவாகப் போய்ச் சொல்லவும் செய்தார்கள். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். எல்லாரும் ஆட்டினார்கள்.

அன்று பிற்பகல் வெயில் மங்கியது. தெருவில் நாய்கூட இல்லை. முதலில் புதன் ஒலித்தது. பிறகு வெள்ளி. சனியின் சுத்தியல் விழுந்தபோது தகரம் அதிர்ந்து சீறியது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். "கேக்குதுல்லா, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்கள். அப்படியொரு சத்தத்தை என் ஆயுசில் நான் கேட்டதில்லை.

ஊரும் கேட்டது. கிரகணம் விடும்வரை சாயாது என்று தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், எங்கள் ஊர்க் கோமதி அம்மனின் நாகம்தான் சீறுகிறது என்று நடுங்கினார்கள். தாளாளர் மாவிளக்கே நேர்ந்துகொண்டார். கிரகணம் விட்டுக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது உண்மை தெரிந்தது. பயந்து கும்பிட்டவன், தான் கும்பிட்டது லாரிப் பட்டையை என்று தெரிந்தால் சும்மா விடுவானா?

"அம்மன் பேர வச்சுக்கிட்டு அம்மனையே கேலி பண்ணுதியளோ?" என்று மைதானத்தில் கத்தினார் தாளாளர்.

"முன்னாலயே எல்லார்ட்டயும் சொன்னேனே, அய்யா. யாரு காதுல வாங்குனீங்க?" என்றார்கள் டீச்சர்.

மறுநாள் பட்டைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. டீச்சரின் வேலை போகவில்லை. ஆய்வுக்கூடத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, கீழ்வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்க அனுப்பினார் தாளாளர். "வேற ஒண்ணு செய்வோமா, டீச்சர்?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "யாருக்கு, அண்ணாச்சி?" என்பார்கள்.

செவ்வாயன்று சங்கரன்கோவிலில் டீச்சர் வீட்டில், கூடியிருந்தவர்களுக்கு முன்னால் அதே தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கே விஞ்ஞானத்தக் கேக்க வச்ச அம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பட்டையெல்லாம் எங்க, அய்யா?" என்று எல்லார் முன்னும் கேட்டேன். அவர் மாலையைச் சரிசெய்தார்.

தன் சாவுக்குக் கொட்டு மேளம் வேண்டாம் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்கள். சாவு கடக்கும்போது தறியை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். பாடை தெரு திரும்பியதும் ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. கெஞ்சிக் கேட்டபோது கொடுக்காத அமைதியைத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள்.

போய் வாருங்கள், டீச்சர். இன்று ஊருக்கே காது திறந்திருக்கிறது. தட்டுவதற்குத்தான் ஒரு பட்டை இல்லை.